தொட்டில் ஏறிய ஜிகுலி

— "வண்டிக்கு மூக்கு எங்கம்மா?"ன்னு என் மக சின்னப்புள்ளயா இருக்கும்போது கேட்டா, ஷர்ஷென். நான் முன்விளக்கைக் காட்டிச் சிரிச்சு வெச்சேன்.

— அவ சரியாத்தான் கேட்டிருக்கா, ஜிபார் அண்ணி. இந்தக் கார்புரேட்டர்தான் மூக்கு. காத்தும் பெட்ரோலும் இங்கதான் கலக்குது. உங்க ஜிகுலி காருக்கு இப்பச் சளி பிடிச்சிருக்கு.

— அட போப்பா! சாயங்காலத்துக்குள்ள கணவாயத் தாண்டணும். அம்மா வீட்டுத் தொட்டில் வராம என் பேரனைக் கிடத்த மாட்டாங்க. சம்பந்தி வீட்ல ஆட்டை அறுத்துட்டு வாசலையே பாத்துட்டிருப்பாங்க.

— கேளுங்க அண்ணி. புகை கறுப்பா வருது. பிளக்கெல்லாம் நனைஞ்சிருக்கு. கார்புரேட்டரக் கழட்டிக் கழுவிட்டேன், மத்ததெல்லாம் சுத்தம். பெட்ரோல் வர்ற இந்தச் சின்ன ஜெட்டை மட்டும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஓட்டை வட்டமாவா இருக்கு? எதை உள்ள விட்டீங்க?

— அடைச்சிருந்துச்சேன்னு... கம்பளம் தைக்கிற ஊசிய.

— யா அல்லா! கெட்டிக் கம்பளத்தையே துளைக்கிற ஊசிக்கு இந்தப் பித்தளை எம்மாத்திரம்? வாயால ஊதினாப் போதுமே.

— என் ஊசிய ஏளனம் பண்ணாத. அதுல நான் போடற ரெட்டைத் தையல் இந்த ஊர்ல வேற எவளுக்கு வரும்?

— எவளுக்கும் வராது. அது எனக்குத் தெரியும், அண்ணி.

— இப்படியே ஓட்டிட்டுப் போயிடவா?

— பாதி ஏத்தத்துலயே நின்னுடும். மேல காத்து கம்மி. இந்தப் பெரிய ஓட்டை பெட்ரோலா ஊத்தி மூச்சுத் திணற வைக்கும். வேற ஜெட் வாங்கலாம்னா சந்தை ஞாயித்துக்கிழமைதான்.

— அப்ப வண்டி மேல கட்டின தொட்டிலை இறக்கிடறேன்.

— கயித்துல கை வைக்காதீங்க! கொட்டகையில பழைய டப்பா ஒண்ணு கிடக்கு, துழாவிப் பாக்கறேன். நீங்க உள்ள வராதீங்க, தரையெல்லாம் எண்ணெய். டீ ஊத்தி வைங்க.

— என்னப்பா, டப்பாவுக்குள்ளயே தூங்கிட்டியா? டீ ஆறிப்போச்சு.

— கிடைச்சிருச்சு. இதோ, மாட்டியாச்சு. பிஸ்மில்லான்னு சாவியத் திருப்புங்க.

— பிஸ்மில்லா... ஏய், பிடிச்சிருச்சு! ஆனா குளிர் கண்ட மாதிரி நடுங்குதே.

— பொறுமை, பொறுமை. அந்த டீக் கிண்ணத்தை இன்ஜின் காத்து வடிகட்டியோட மூடி மேல வைங்க. நான் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பறேன். டீயையே பாருங்க.

— அலையடிக்குது... இப்பக் கம்மியாவுது... நின்னுடுச்சு, ஷர்ஷென்! கண்ணாடி மாதிரி நிக்குது!

— அதான் அளவு. இனி தொட்டில் போய்ச் சேரும்.

— நீயும் உன் வண்டிய எடுத்துட்டுப் பின்னாலயே வாயேன். விருந்து சாப்பிடலாம்.

— நான் குதிரையில வரேன், மெதுவா.

— நல்ல வண்டிய நிறுத்தி வெச்சுட்டுக் குதிரையா? சரியான கஞ்சன்!

— கஞ்சன்னே வெச்சுக்குங்க. விருந்துக்குப் பொரிச்ச போர்சோக் பலகாரம் ஒரு பிடி குடுத்துட்டுக் கிளம்புங்க. வழி தடையில்லாம வெள்ளையா விரியட்டும். ஓமீன்.

— ஓமீன். வரேன் தம்பி.

— போயிட்டாங்க... என்ன நீலக்குட்டி, வாயப் பொளந்துட்டு நிக்கற? உன் ஜெட்டைத்தான் புடுங்கிக் குடுத்துட்டேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூச்சடக்கிக் கிட. என் பொண்டாட்டி படுத்த படுக்கையாக் கிடந்த குளிர்காலம் பூரா, விடியறதுக்குள்ள யாரோ வாசல்ல பால் வாளி வெச்சுட்டுப் போனாங்களே? கை சில்லிடாம இருக்க அதோட பிடியில கம்பளி சுத்தித் தைச்சிருந்துச்சு. ரெட்டைத் தையல்.