பதினெட்டாம் திகதி

வெனிஸுக்குப் போகிறவர்கள் சில்லுப் பூட்டிய பெரிய சூட்கேஸ் கொண்டுபோகக் கூடாது. எங்கே திரும்பினாலும் ஒரு பாலம், ஒவ்வொரு பாலத்துக்கும் படி. தூக்கி ஏற்றி இறக்கி எனக்குத் தோள்மூட்டே கழன்றுவிட்டது. கார் இல்லை, ஓட்டோ இல்லை, பஸ்ஸுக்குப் பதிலாகப் படகுதான். நீங்கள் குடும்பத்தோடு போனால் தோளில் மாட்டுகிற பை போதும். இதைச் சும்மா சொல்லி வைக்கிறேன், வாக்குமூலத்தில் எழுதத் தேவையில்லை.

ஆங்கிலம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வீட்டு விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் ஒழுங்காக வரும் என்றுதான் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். பெயர் புவனேஸ்வரன். வயது நாற்பத்தாறு. மெல்பேர்னில் கிரெய்கிபர்ன் பக்கம் சொந்த வீடு, ஒரு களஞ்சியத்தில் சுப்பர்வைசர் வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் சனத்துக்கு விசாப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அதற்கு ஒரு தேத்தண்ணிகூட எதிர்பார்த்ததில்லை. "புவனேஸ் அண்ணை நிரப்பினா ஒரு பிழை வராது" என்று மெல்பேர்னில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மனைவி நிரூபா வவுனியாவிலிருந்து இங்கே படிக்க வந்தவள். எங்களுக்கு ஒரு மகள், மிருணாளினி, ஐந்து வயது. நான் பொறுப்பு நின்று நிரூபாவுக்குப் போட்ட நிரந்தர விசா விண்ணப்பம் மூன்று வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. முடிவு வரும்வரை நாட்டுக்குள் நிற்பதற்கு அவளிடம் இருந்தது பிரிட்ஜிங் விசா மட்டும். அவளுடைய பாஸ்போர்ட், கடிதங்கள், இமிக்கிரேஷன் கணக்கின் பாஸ்வேர்ட் எல்லாம் என்னிடம் ஒரு நீலப் பைலுக்குள் இருந்தன. இதில் புதினம் ஒன்றும் இல்லை. எங்கள் வீடுகளில் பைல் ஆம்பிளையிடம் இருக்கும், பெண் காட்டின இடத்தில் கையெழுத்து வைப்பாள்.

நான் கெட்ட புருஷன் இல்லை. ஒருதடவை நான் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தியபோது அவளுடைய விரல்கள் இடையில் இருந்தன, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கும் நானேதான் கூட்டிக்கொண்டு போனேன்.

போன வருடம் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு முகத்தில் ஒரு மாற்றம். ஒருநாள் வேலையால் கொஞ்சம் முந்தி வந்தேன். குசினிக்குள் நின்று யாரோ சிநேகிதியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். "விசா கிடைச்ச உடன நானும் பிள்ளையும் தனிய போயிடுவம். அதுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

நான் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இப்போதுதான் வந்தவன் மாதிரி உள்ளே போனேன். அவள் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். சீனி அளவாகத்தான் இருந்தது.

அவளுக்கு வெனிஸ் என்றால் ஒரு பைத்தியம். வேலையில்லாமல் இருந்த காலத்தில், பழைய சாமான் கடையில் வாங்கிய ஆயிரம் துண்டுப் படமொன்றை ஒரு மாதமாக இருந்து பொருத்தினாள். தண்ணீருக்கு நடுவில் வீடுகள், கறுப்புப் படகு, கோடு போட்ட சட்டைக்காரன். "ஒருக்காலெண்டாலும் பாக்கவேணும்" என்பாள். அதைத்தான் நான் நிறைவேற்றினேன். நீங்கள் எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் இதில் ஒரு நன்மை இருக்கிறது.

பிரிட்ஜிங் விசாவில் ஏ, பி என்று இருக்கிறது. ஏயோடு வெளியே போனால் திரும்பி வர முடியாது. பி எடுத்தால், குறிப்பிட்ட திகதிக்குள் வந்து இறங்கவேண்டும். ஒருநாள் பிந்தினாலும் உள்ளே வர முடியாது. அவளுக்கு நான்தான் பி எடுத்துக் கொடுத்தேன். ஏப்ரல் பதினெட்டுக்குள் திரும்ப வேண்டும். விமான ரிக்கெற் பதினேழுக்கு வந்து சேருகிற மாதிரிப் போட்டிருந்தேன். எல்லாம் சட்டப்படி.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேணும் என்றாள். "நெடுக நடக்கவேணும், தண்ணிக்கரை வேற, சின்னப்பிள்ளைக்குச் சரிவராது" என்றேன். என் தங்கச்சி பத்மா வீட்டில் மிருணாளினியை விட்டுவிட்டுப் போனோம்.

நல்ல இடம். வாசற்படியில் பாசி பிடித்திருக்கும், அதில் தண்ணீர் வந்து சளப்பு சளப்பென்று அடிக்கும். நிரூபா சின்னப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு பாலத்திலும் நின்று படம் எடுத்தாள். இங்கே சிரிக்காத சிரிப்பெல்லாம் அங்கே சிரித்தாள். பதினைந்தாம் திகதி பின்னேரம் படகுக்குக் காத்து நிற்கும்போது கேட்டேன்.

"ரிக்கெற்றை மாத்தி இன்னும் நாலு நாள் நிப்பமோ?"

"உண்மையாவோ? பிள்ளை தேடாதோ?"

"பத்மாவோட சந்தோசமாத்தானே இருக்கிறாள்."

"என்ர விசாவுக்குப் பிரச்சினை இல்லையோ, அப்பா?"

"அதெல்லாம் நான் பாத்திட்டன்."

அவள் என் கையைப் பிடித்தாள். கலியாணம் கட்டி ஏழு வருடத்தில் அவளாக வந்து கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் மனம் இளகியது, அதை மறைக்கமாட்டேன். அறைக்கு வந்ததும் கொம்பியூட்டரைத் திறந்து ரிக்கெற்றை இருபதாம் திகதிக்கு மாற்றினேன்.

இருபதாம் திகதி விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு, நிரூபாவுக்கு ஆஸ்திரேலியாவுக்குள் வர அனுமதி இல்லை என்றாள். எனக்கு ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட், பிரச்சினை இல்லை. நிரூபா விசாக் கடிதத்தை என்னிடம் வாங்கிப் பார்த்தாள். பதினெட்டு என்று பெரிய எழுத்தில்தான் இருந்தது.

"என்ர பிழை, அப்பா. நான் ஒருக்காலும் திகதியைப் பாக்கேல்லையே" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள், "நீங்கள் போங்கோ. பிள்ளை பாவம். போய் ஒரு லோயரைப் பிடியுங்கோ."

நான் போனேன். வந்து இரண்டாம் நாள் அவளுடைய விண்ணப்பத்துக்கு நான் நின்ற பொறுப்பை மீளப் பெறுவதாக இமிக்கிரேஷன் திணைக்களத்துக்கு எழுதினேன். அவள் கொழும்பு போய், அங்கிருந்து வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஆரம்பத்தில் தாயும் மகளும் நாளாந்தம் வீடியோவில் கதைத்தார்கள். வைத்தபிறகு பிள்ளை அழுது சத்தி எடுக்கும். "அம்மா எப்ப வாறா?" என்று அரித்து எடுக்கும். அதனால் நிரூபாவிடம், "பிள்ளையோட கதைச்சா கேஸ் பழுதாப்போகுமெண்டு லோயர் சொல்லுறார்" என்றேன். லோயர் என்று ஒருவரும் இல்லை. அவள், "நீங்கள் சொன்னாச் சரி" என்றாள். எட்டு மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் எனக்கு எடுத்து, லோயர் என்ன சொன்னவர் என்று கேட்கிறாள். நானும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

பத்மாவிடம், பிள்ளைக்கு முன்னால் தாயின் கதை எடுக்காதே, அது துடித்துப்போகும் என்று சொல்லிவைத்தேன். பிள்ளையிடம், அம்மா வெனிஸில் தண்ணீருக்குள் விழுந்து செத்துப்போனா என்று சொன்னேன். இரண்டு நாள் அழுதது. மூன்றாம் நாள் சோறு தின்றது. காத்திருந்ததுதான் அதை வருத்தியிருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது விளங்கும்.

பள்ளிக்கூடத்து ரீச்சர் பத்மாவைக் கட்டிப்பிடித்து, உங்கள் மச்சாளின் சாவைக் கேள்விப்பட்டேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அன்று காலையில்தான் பத்மா நிரூபாவோடு கதைத்திருக்கிறாள். நேரே என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தாள். "அண்ணை, உயிரோட இருக்கிறவளைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறீங்கள்?" பிறகு பொலிஸுக்கு, உங்களுக்கு எடுத்தாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை.

எல்லாம் நான்தான் செய்தேன். திகதி தெரிந்துதான் ரிக்கெற்றை மாற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். நிரூபாவைத் திரும்பக் கூப்பிட முயற்சி செய்வதாகச் சொல்கிறீர்கள். செய்யுங்கள். இத்தனை படிவம் நிரப்பியவன் சொல்கிறேன், புதிதாகப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்குள் பிள்ளைக்குத் தாயின் முகம் மறந்துவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிரூபா உயிரோடு இருப்பதை மட்டும் மிருணாளினியிடம் சொல்லிவிடாதீர்கள். அப்பா பொய் சொன்னவர் என்று தெரிந்தால் அது தாங்காது. தாயும் இல்லாத பிள்ளை.