அசைவு நீக்கிய படம்

— அவர் அசைஞ்சிட்டாரெண்டு கண்ணாடிக்கு அங்கால நீங்க செல்றது கேட்டிச்சே, சுகிர்தா மகள். இனி மயக்க ஊசியா?

— ஊசி வேணாம், ரபீகாம்மா. முன்னேன்னா ஊசி போட்டு, ஹமீது ஐயாவ மறுபடியும் ஸ்கேன் மெஷினுக்குள்ள அனுப்பியிருப்போம். இப்ப கம்ப்யூட்டரே சரிசெஞ்சிடும்.

— மூளைய அது எப்பிடி சரிசெய்யும்?

— மூளைய இல்லம்மா, படத்த. ஆயிரக்கணக்கான மூளைப் படங்களப் பார்த்துப் பழகின செயற்கை நரம்பு வலையமைப்பு அது. அசைவால கலங்கினது எதுன்னு கண்டுபிடிச்சு, அத மட்டும் நீக்கிடும். பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு.

— எங்கட கலியாணப் படத்துலயும் அசைஞ்சுதான் நிண்டார். முகம் ரெண்டாத் தெரியும். அதைத்தான் இண்டைக்கும் வீட்டுல மாட்டி ஈக்கிது.

— அப்ப இந்த வசதி இல்லாமப் போச்சே!

— இந்தப் படத்தைப் பார்த்து டொக்டர் என்ன செல்வாரெண்டு எங்கட மூத்தவன் முன்னுக்கே செல்லிட்டான். வாப்பாக்கு இனி ஒண்டும் விளங்காதாம்.

— டொக்டர் பார்க்காம அப்படிச் சொல்லக் கூடாதும்மா.

— பக்கவாதம் வந்ததுலேருந்து ஒரு பேச்சில்ல, மகள். "ரபீகா" எண்டு ஒருக்காக் கூப்பிட்டாப் போதும். தொழுகை நேரத்துக்கெல்லாம் காதுக்குள்ள செல்லிப் பார்க்கிறன். முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நான் ஆரெண்டாவது தெரியுமோ, என்னமோ.

— இன்னைக்கும் உள்ள போறதுக்கு முன்ன குனிஞ்சு ஏதோ சொன்னீங்களே?

— ளுஹர் நேரமாகிட்டு, சத்தத்துக்குப் பயப்படாம படுத்தபடியே தொழுங்க எண்டன். வேற என்னத்தைச் செல்ல?

— எனக்குக் கோபந்தான் வந்திச்சு, அம்மா. அவ்வளவு நேரம் சிலையாட்டம் கெடந்த மனுசன், முடியப் போறப்பதானா தலையத் திருப்பணும்? கமராவுல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.

— திருப்பினாரா? நடுக்கமில்லையா?

— நடுக்கமில்ல. ஒதடு கொஞ்ச நேரமா முணுமுணுத்துச்சு, குளிராக்கும்னு நெனச்சேன். அப்புறம் மெதுவா வலது பக்கம் திரும்பினாரு. பெறகு இடது பக்கம்.

— வலதா மொதல்ல? நல்லா நினைச்சுச் செல்லுங்க.

— வலதுதாம்மா. ரெண்டு பக்கமும் திரும்பிட்டு, பழையபடி சிலைதான். ஏம்மா அழுறீங்க? படம் நல்லா வந்திருக்குன்னுதானே சொல்றேன்.

— கலங்கின படம் அழிஞ்சிட்டா?

— உள்ள கெடக்கு. டொக்டருக்கு அத அனுப்பமாட்டோம். அதுல மூளையே ஒழுங்காத் தெரியாது.

— அதையும் அனுப்புங்க, மகள். நீங்க கண்டதையும் டொக்டர்ட்ட செல்லுங்க. வலது தோளுக்கு ஒரு ஸலாம், இடது தோளுக்கு ஒரு ஸலாம். அப்பிடித்தான் நாங்க தொழுது முடிக்கிற.