முதுகுத் தண்ணி

வலிக்குமான்னு கேட்டா என்னத்தம்மா சொல்ல. மரத்துப்போக மருந்து போட்டுட்டுத்தான் ஊசிய ஏத்துவாங்க. முழங்கால நெஞ்சோட சேத்துச் சுருண்டு படுக்கணும். முதுகுத்தண்டுலேர்ந்து தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கும், பாத்தா பச்சத்தண்ணி மாதிரிதான் இருக்கும். அதுக்கப்புறம் வர்ற தலைவலிதான் ஆள உண்டு இல்லன்னு ஆக்கிடுது. எனக்கு எடுத்து நாலஞ்சு நாளாச்சு, இன்னும் எழுந்து உக்காந்தா மண்ட பொளக்குது. அதான் படுத்துக்கிட்டே பேசுறேன், தப்பா நெனச்சுக்காத.

உனக்கும் கண்ணுதானா? கண்ணு கெட்டா முதுகுல ஏன் குத்துறீங்கன்னு நானும் கேட்டேன். கண்ணுக்குப் பின்னாடி போற நரம்பு வீங்கியிருக்கு, ஏன் வீங்குச்சுன்னு அந்தத் தண்ணியில ஏதாவது தெரியலாம்னாரு டாக்டர்.

எனக்கா? நூல்லதான் ஆரம்பிச்சுது. எங்க வீட்டுக்காரர் டெய்லர். துணிக்கு ஏத்த நூல் எடுத்துக் குடுக்கறது என் வேல. எடது கண்ண மூடிக்கிட்டு, துணியையும் நூலையும் வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பேன், அப்படியே பழகிடுச்சு. நான் குடுத்தா இவரு திரும்பிக்கூடப் பாக்காம தைப்பாரு, அவ்வளவு நம்பிக்க. ஒருநாள் நல்ல செவப்புத் துணிக்குச் செங்கல் கலர் நூலக் குடுத்திருக்கேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது, சாயம் போன மாதிரி. துணிக்காரம்மா வந்து கத்துனா. அவ எதிர்லயே இவரு என்னக் கேட்ட கேள்வி இருக்கே, அத இப்ப சொல்லவும் வாய் கூசுது.

கண்ணாடிக் கடைக்கும் போனோம். போர்டுல இருந்த எழுத்த பூரா படிச்சிட்டேன். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன். எழுத்து தெரியுதாம், செவப்பு மட்டும் தெரியலயாம்னு மாமியார் பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சாங்க. கண்ண அசைச்சா உள்ள வலிச்சு, தண்ணி வழியும். அழுது காரியம் சாதிக்கப் பாக்குறான்னாங்க. வேல செய்ய வலிக்குதுன்னாங்க. பெறகு அந்த வலது கண்ணுல நடுவுல பொக மாதிரி மறச்சுது. தையல் மிஷின்ல போயி மோதி நெத்தியில அடி. அதுவும் நடிப்புதான்.

அட, இங்க வந்தும் விடல. என்ன வச்சுக்கிட்டே இவரு டாக்டர்கிட்ட கேக்குறாரு, சார், இது மனசு சம்பந்தப்பட்டதா இருக்குமோன்னு. வெளிய வந்து அவங்கம்மாகிட்ட போன்ல, தண்ணிய எடுத்துப் பாக்கட்டும், இவ வண்டவாளம் தெரிஞ்சிடும்னாரு. எனக்குக் கண்ணுலதான் கோளாறு, காது நல்லாத்தான் கேக்குது.

இப்ப தலகாணிய தட்டிப் போட்டுட்டுப் போனாரே, அவர் உன் வீட்டுக்காரரா? நீ தெரியலன்னா, தெரியலன்னு நம்புறாரா? கேட்ட ஒடனே ஆமான்னு தல ஆட்டுற. அப்ப சரி. தண்ணியில ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நல்லா வேண்டிக்கோ.

நான் ஏதாவது இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். காலையில ரிசல்ட் வந்துடுச்சு. இருக்காம். அடுத்த கண்ணுக்கும் வரலாமாம், கை காலும் விழலாமாம். கேட்டுட்டு இவரு சொவத்துல சாஞ்சு அழுதாரு. எனக்கு அழுக வரல, நிம்மதியாதான் இருந்துச்சு. டாக்டருக்கு நன்றி சொன்னேன்.