ஜன்னலுக்கு வெளியே நீட்டிய போன்

பிச்சாவரத்தில் சிதம்பரம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டுப் பெண் செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் காதில் வைத்து, "ஆமா மாமா, பிச்சாவரம்தான்" என்று சொல்லி கட் பண்ணினாள்.

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த பெண்மணி கேட்டார். "ஏம்மா, போன எதுக்கு வெளிய நீட்டுன?"

"எங்க வூட்டுக்காரரு துபாய்ல இருக்காருக்கா. பறவ கத்துறத வச்சே நான் எங்க இருக்கேன்னு சொல்லிடுவாரு. மீன்கொத்தின்னா இந்த சுரபுன்னக் காடு. ஆக்காட்டின்னா எங்க வயலு. செம்போத்து கூவுனா காடாம்புலியூரு, எங்கம்மா வூட்டு முந்திரித் தோப்பு."

"சிதம்பரத்துல?"

"காக்காதான். அதையும் கேப்பாரு."

"அவரு பக்கம் என்ன கத்தும்?"

"ஒண்ணும் கத்தாதுக்கா. ஏசி ஓடுற சத்தம்தான் வரும். அது கேட்டா ரூமுக்கு வந்துட்டாருன்னு தெரிஞ்சுக்குவேன்."