சுவர் இடிக்கிற மெஷின்

— அதான் சொல்றேன், அவன் தரமாட்டான். நீங்க எத்தனை போன் பண்ணினாலும் சரி, அந்த மெஷினை அவன் தரவே மாட்டான்.

— வரேன்னு சொல்லிட்டாருக்கா. பன்னெண்டரைக்கு லேத் பட்டறையில சாப்பாட்டு நேரம். வீட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டு நேரா இங்கதான் வர்றாரு.

— வந்தா சந்தோஷம். எனக்கெதுக்கு வம்பு? நான் ஸ்பேனரைத் திருப்பிக் குடுக்க வந்தவ.

— ஸ்பேனரைக் குடுத்து அரை மணி நேரம் ஆச்சுக்கா.

— நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காந்தேன். நூலகத்துல உக்காரக் கூடாதுன்னு சட்டமா?

— புத்தகம் படிக்கிற பக்கம் தாராளமா உக்காரலாம். நீங்க உக்காந்திருக்கறது கருவி இரவல் குடுக்கிற பதிவேட்டுக்கு நேர் எதிர்ல.

— இங்கதான் காத்து வருது மேடம். அது சரி, தையல்காரர் பொண்ணு காலைல வந்து மெஷினுக்குப் பதிவு பண்ணிட்டுப் போச்சாமே?

— யாரு என்ன பதிவு பண்றாங்கன்னு வெளில சொல்றதில்ல.

— நீங்க எதுக்குச் சொல்லணும்? அவளே எங்கிட்ட சொன்னா, அழுத முகத்தோட. அவங்க அப்பாவை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கொண்டாராங்க. சக்கர நாற்காலி ரெண்டடி நாலு அங்குலம். அவங்க பின்வாசல் ரெண்டே அடி. மேஸ்திரி பத்து மணியிலேருந்து வெத்துக் கையோட உக்காந்திருக்காரு. மெஷின் வந்தாத்தான் நிலையைப் பேத்து வாசலை அகலப்படுத்த முடியுமாம்.

— அளவு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க.

— பின்ன? நாடாவோட இன்னொரு நுனியைப் பிடிச்சவளே நான்தானே.

— சரிக்கா. அவரு வந்ததும் வாங்கி அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடறேன். ஊருக்கே இருக்கறது ஒரு மெஷின், நான் வேற என்ன செய்ய?

— அந்தத் தையல்காரரும் இவனும் ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே வீட்டுல ஆளுக்குப் பாதி. சீட்டுக் குலுக்கிப் பிரிச்சாங்க. தம்பிக்கு முன்வாசல் விழுந்துச்சு, அண்ணனுக்குச் சந்துப் பக்கம் பின்வாசல். அன்னிக்கு நடுவுல எழும்பின சுவர்தான். ஒன்பது வருஷம். ஒருத்தர் தும்மினா இன்னொருத்தருக்குக் கேக்கும், ஆனா 'நூறு வயசு'ன்னு சொல்ல மாட்டாங்க.

— ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை பேசலியா?

— மூச். அதுல பாருங்க, இந்தத் தம்பிக்காரன் ஆறு வாரமா உங்க மெஷினை வச்சிருக்கான். நீங்களும் மூணு தடவை புதுப்பிச்சுக் குடுத்திருக்கீங்க.

— வேற யாரும் கேக்கலன்னா புதுப்பிக்கலாம். புத்தகத்துக்கு என்ன விதியோ அதான் கருவிக்கும்.

— நல்ல விதி! புத்தகத்தை ஆறு வாரம் வச்சிருந்தா படிக்கிறான்னு அர்த்தம். சுவர் இடிக்கிற மெஷினை ஆறு வாரம் வச்சிருந்தா? ஒரு நாள் 'டர்'ருன்னு ஒரு சத்தம் கேட்டிருக்கணுமா இல்லியா? எதிர்வீடு நான். எனக்குக் கேக்காம அங்க ஒரு ஆணி இறங்காது. எதுக்குன்னு எழுதிக் குடுத்திருக்கான்?

— சொல்லக் கூடாதுக்கா.

— 'வீட்டு வேலை.' நான் தலைகீழாவே படிச்சுட்டேன். என்ன வேலையாம் அப்படி? வெள்ளெழுத்து கிள்ளெழுத்தெல்லாம் எனக்கு இல்ல மேடம்.

— பதிவேட்டை மூடி வைக்கறேன். அதோ, அவரே வந்துட்டாரு. கொஞ்சம் நகருங்க, பெட்டியை மேஜை மேல வைக்கட்டும். வாங்க, உள்ள வாங்க.

— இந்தாங்க மேடம். பாத்துக்கோங்க. உளி மூணு, கையுறை ஒரு ஜோடி, கண்ணாடி ஒண்ணு. எல்லாம் உள்ள இருக்கு.

— என்னங்க இது? நாங்க கட்டிக் குடுத்த கயிறு அப்படியே இருக்கு. அரக்குகூட உடையல. பெட்டியைத் தொறக்கவே இல்லியா?

— இல்ல.

— ஆறு வாரமா?

— கட்டிலுக்கடியில இருந்துச்சு. தப்புதான் மேடம், விடுங்க.

— எப்படிங்க விடறது? இந்த மெஷினுக்காக ஒருத்தர் பத்து மணியிலேருந்து காத்துக்கிட்டிருக்காங்க. வேலைக்கு இல்லன்னா எதுக்கு எடுத்தீங்க?

— என் வீட்டுல இருந்தா அண்ணன் வீட்டுல இருக்காதுல்ல? அதுக்குத்தான்.

— புரியல.

— அவரு நடுச்சுவரை இடிச்சு என் முன்வாசல்ல பாதி கேக்கப் போறாரு, அதுக்காக இங்க வந்து மெஷினைப் பாத்துட்டும் போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். ஊர்ல ஒரு மெஷின். முந்திக்கிட்டேன். அவ்வளவுதான்.

— உங்க அண்ணன் இந்தப் படி ஏறினதே கிடையாது. யாரு சொன்னாங்க உங்களுக்கு?

— பேரு வேணாம் மேடம். நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்லியிருப்பாங்க. விடுங்க.

— அக்கா, நீங்க எங்க எழுந்துட்டீங்க?

— அடுப்புல பாலை வச்சுட்டு வந்தேன்...

— அரை மணி நேரமாவா? உக்காருங்க.

— இப்பப் பதிவு பண்ணியிருக்கறது அண்ணன் வீடுதானே மேடம்? பாத்தீங்களா? நான் கேள்விப்பட்டது பொய் இல்ல.

— யாருன்னு சொல்லக் கூடாது. இன்னிக்கு ஒரு நாள் விதியை விட்டுடறேன். உங்க அண்ணன் பொண்ணுதான். ஆனா நடுச்சுவருக்கு இல்ல. பின்வாசலை அகலப்படுத்தறதுக்கு.

— நல்லாத்தானே இருக்கு பின்வாசல்?

— சக்கர நாற்காலி போகாதாமே.

— சக்கர நாற்காலியா? யாருக்கு?

— உங்களுக்கு... நெஜமாவே தெரியாதா?

— யாருக்கு மேடம்?

— உங்க அண்ணனுக்கு. சர்க்கரை. புண்ணு ஆறல. மூணு வாரத்துக்கு முன்னாடி வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். உக்காருங்க. தண்ணி குடிங்க.

— மூணு வாரமாத் தையல் மெஷின் சத்தம் கேக்கல. சுவத்துக்கு அந்தப் பக்கம் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். தூங்க விடறானான்னு திட்டுவேன். நின்னதும், கடையை வேற எங்கயோ மாத்திட்டான், தொல்லை ஒழிஞ்சுதுன்னு நெனச்சேன். ஒழிஞ்சுதுன்னு... எந்தக் காலு சொன்னீங்க?

— வலது.

— அந்தக் காலாலதான் மிதிப்பாரு. எத்தனை மணிக்குக் கொண்டாராங்க?

— நாலுக்கு.

— இப்ப ஒண்ணு ஆகப் போகுது. பெட்டியை என்கிட்டயே குடுங்க.

— பதிவு அந்தப் பொண்ணு பேர்ல இருக்குங்க.

— அவ பேர்லயே எழுதுங்க. நான் தூக்கிட்டுப் போற ஆளு, அவ்வளவுதான். பின்வாசல் நிலை கருங்கல். நாலு மணிக்குள்ள அது அசையாது. நடுச்சுவர் ஒத்தைச் செங்கல் கனம்தான், நானே கலவை கொழச்சுக் கட்டினது. மேஸ்திரியும் நானும் நின்னா ரெண்டு மணி நேரத்துல வழி விட்டுரும். என் முன்வாசல் நாலடி. அவரை அந்த வழியாக் கொண்டு வரட்டும்.

— அவரு ஒத்துக்குவாரா?

— மாட்டாரு. வாசல்லயே வச்சுத் திட்டுவாரு. திட்டட்டும். ஒன்பது வருஷத்துத் திட்டு பாக்கி இருக்கு.

— என்ன வேலைன்னு எழுதட்டும்?

— நடுச்சுவர்னே எழுதுங்க மேடம்.

— இங்க ஒரு கையெழுத்து. பாத்துத் தூக்குங்க, பதினாறு கிலோ.

— தங்கமான மனசு தம்பி உனக்கு. நான் அப்பவே நெனச்சேன், ரத்தம் விட்டுக் குடுக்காதுன்னு. நீ போய் ஆக வேண்டியதைப் பாரு. நானும் கூட வந்து ஒரு கை...

— அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அண்ணன் சுவரை இடிக்கப் போறாருன்னு தெருவைத் தாண்டி வந்து என் வீட்டுப் படி ஏறிச் சொன்னீங்களே, அவரு காலு போனதை மட்டும் ஏன்க்கா வந்து சொல்லல?