சாம்பல் எழுத்து

— நெஞ்சுவலின்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல திருப்பதி? தோல் டாக்டருக்கு டோக்கன் அமுக்கிக் குடுத்திருக்கீங்களே! ரெண்டு மணி நேரம் சொறி செரங்குக்காரவுகளோட ஒக்காந்திருந்தாக எங்க வீட்டுக்காரவுக.

— நீங்க எதச் சொன்னீங்களோ அதத்தான்க்கா அமுக்கியிருப்பேன். எம் பேரு எப்புடித் தெரியும்?

— சட்டையில குத்தியிருக்கீங்கள்ல, கறுப்புல பெருசா. அது தெரியுது. இந்த டோக்கன் மிசினு ஸ்கிரீனும் அது துப்புற சீட்டும்தான் தெரியல. வெள்ளையில சாம்பல் எழுத்து, அதுவும் கடுகாட்டம்!

— வயசானா கண்ணு மங்கத்தான்க்கா செய்யும். கண்ணாடிய மாத்துங்க.

— கீரமங்கலத்துல பூக்கட்டுற சொர்ணம் நான். இந்தக் கண்ணாடியோடதான் தெனமும் முல்லை கட்டுறேன். ஒரு மொட்டு தப்பாது.

— அவுக இப்ப எப்புடி இருக்காக?

— மயங்கி விழுந்தப்பறம்தான் நர்சுப் புள்ள எமர்ஜென்சிக்குத் தள்ளிக்கிட்டு ஓடுச்சு. பொழச்சுக்குவாகன்னு இப்பத்தான் சொன்னாக.

— அப்ப சரிக்கா. போயி பக்கத்துல இருங்க.

— எது சரி? எழுத்தப் பெருசாக்கி கறுப்பாக்க என்ன கேடு?

— சொல்லிப் பாத்தேன்க்கா. பெருசாக்குனா பாக்க லட்சணமா இருக்காதுன்னுட்டானுக கம்பெனிக்காரப் பயலுக.

— கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறானுக, லட்சணம் பாக்க? இங்கன வாரவுக பூராம் அறுபது, எழுபது. எவனுக்கு லட்சணம்? நீங்களே இங்கிட்டு வாங்க. நெஞ்சு எங்கன இருக்கு, வாசிங்க.

— இந்தா, மேலேர்ந்து மூணாவது கட்டம்.

— வெரல வைக்கச் சொல்லல. வாசிங்க.

— கூட்டம் நிக்குதுக்கா.

— நிக்கட்டும். வாசிங்க தம்பி.

— …தெரியலக்கா. எனக்கும் அம்பத்தெட்டு ஆச்சு. வெளிய சொன்னா வேற ஆளப் போட்டுருவாக. மூணாவது நெஞ்சு, நாலாவது எலும்புன்னு எண்ணித்தான் அமுக்குறேன்.

— அப்ப எங்களுக்கு எப்புடித் தோலு வந்துச்சு?

— நேத்து வந்து என்னமோ அப்டேட்டுன்னு போட்டானுக. கட்டத்தையெல்லாம் எடம் மாத்திட்டானுக போல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலக்கா.

— காலையிலேர்ந்து எத்தன பேருக்கு அமுக்குனீங்க?

— எம்பது பேரு இருக்கும்.

— அழுவாதீங்க. டோக்கன் கூப்பிடுற அந்த மைக்க இங்கிட்டுக் குடுங்க. நெஞ்சுவலின்னு வந்தவுகள மொதல்ல கூப்பிடுறேன்.