காத்தாடியில் ஒரு ஆள்

— விழுந்துபோச்சு, ராமாமணி. உன்ற புருசன் காத்தாடி தண்ணியில விழுந்துபோச்சு.

— பாத்துட்டேனுங்க மாமா. ரெண்டு கவுத்துல ஒண்ணு அறுந்திருக்கும். அதான் அப்பிடிச் சுத்திக்கிட்டு விழுந்துச்சு.

— எத்தன சாவகாசமாச் சொல்றே. ஆளு எங்க?

— செவப்பாக் கெடக்குது பாருங்க காத்தாடி. அதுக்கு இக்கட்ட, நம்ம பக்கமா, சின்னதா ஒரு தலை, முங்காம மெதக்க வெக்கிற ஆரஞ்சுச் சட்டை. அவருதானுங்க.

— அணையில நடுத்தண்ணி அது. கெரகம். ஆடிக்காத்து ஆளையே தூக்குது. இதுல பட்டத்தப் பிடிச்சுக்கிட்டு, பலகமேல நின்னுக்கிட்டுத் தண்ணியில ஓடறானாமா. இதப் பாக்கத்தான் என்னையக் கோயமுத்தூருல இருந்து வரச்சொன்னயா?

— அவரப் பாக்கறதுக்குத்தானுங்க வரச்சொன்னேன். எங்கூட்டுக்குக் கூப்புட்டா நீங்க வரமாட்டீங்க. அவரு உங்கூட்டுக்கு வந்தா கதவத் தொறக்கமாட்டீங்க. இங்கயாச்சும் அப்பனும் மகனும் மூஞ்சி பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன். நீங்க வாரதக்கூட அவருகிட்டச் சொல்லலீங்க.

— பெத்தவ செத்துக் கெடந்தா. ஒரே பையன், கொள்ளி வெக்க வரல.

— ஆஸ்திரேலியாவுல இருந்து டிக்கெட்டு கெடைக்கலீங்க மாமா. ஏர்போர்ட்டு பெஞ்சிலயே உக்காந்து அழுதுட்டு இருந்தாரு. ஏன்டா வரலைன்னு ஒரு வார்த்தை நீங்க கேக்கவே இல்லீங்களே.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு. அவன் அசையறானா, பாரு.

— அசையறாரு. கவுத்தச் சுத்திட்டு இருக்காருங்க.

— அதெதுக்கு?

— கையில ஒரு தடி இருக்குமுங்க. அதுலதான் கவுறு கட்டியிருக்கும். அறுபடாத கவுத்த மட்டும் இழுத்தா காத்தாடி காத்தப் பிடிக்காது, ஈரத்துணியாட்டத் துவண்டு கெடக்கும். கவுத்தக் கொஞ்சங் கொஞ்சமாத் தடியில சுத்திக்கிட்டே கிட்டப் போவோணும். சுத்தாம உட்டா காலுல கழுத்துல மாட்டிக்கும்.

— கிட்டப் போயி?

— அது ஓரத்துல காத்தடிச்ச குழாய் இருக்குதுங்க, லாரி டியூப்பாட்டம். மெதக்கும். காத்தாடியக் கவுத்திப் போட்டு மேல படுத்துக்கிட்டு ஒரு நுனியத் தூக்கிப் பிடிச்சா, காத்தே தள்ளிட்டு வந்து கரையில போட்டுரும். காத்தாடிய உட்டு மட்டும் வெலகக்கூடாதுங்க. பயந்துபோயி நீந்தறவந்தான் போய்ச்சேருவான்னு சொல்லுவாரு.

— வாயில நல்ல வார்த்தை வரட்டும். ஏனுங், பரிசல்காரரே. ஏனுங், இங்க கொஞ்சம் வாங்க.

— அவரெதுக்குங்க மாமா?

— நீ சும்மா இரு.

— சொல்லுங்க, பெரியவரே.

— அங்க என்ற பையன் கெடக்கறான். போயித் தூக்கிட்டு வந்துருங்க.

— இந்தக் காத்துல நாங்க மீனுக்கே போறதில்லீங்க. அலை பரிசலுக்குள்ள வந்து உழுவும்.

— ஒரே பையனுங்க. கையெடுத்துக் கும்படறேன்.

— மாமா, அவரே வந்துருவாருங்க. அண்ணா, நீங்க போவாதீங்க.

— கும்படாதீங்க பெரியவரே, நானும் பிள்ளகுட்டிக்காரந்தான். போயிப் பாக்கறேன். முடியலீன்னாத் திருப்பிக்கிட்டு வந்தர்றேன்.

— ஏனுங்க மாமா இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?

— என்னமோ போ. நீ அவன நம்பறே. சும்மா நின்னு பாத்துட்டிருக்க என்னால ஆகல கண்ணு. ஒருத்திய அனுப்பிப்போட்டு இப்பத்தான் உக்காந்திருக்கறேன்.

— புடிச்சுட்டாருங்க. காத்தாடியப் புடிச்சுட்டாரு மாமா. ஆனா அந்தப் பக்கம் சப்பையாத் தெரியுது. குழாயில காத்து எறங்குதாட்ட இருக்குது.

— எறங்குனா?

— ஒரு ஆளத் தாங்குமுங்க. அவருக்கு அது போதும்.

— பரிசலு எங்க போச்சு?

— அந்தக் கருவேலந்திட்டுக்குப் பொறத்தால போச்சு. காத்துக்குப் பயந்து திரும்பியிருப்பாருங்க.

— இந்தா, சாரல் வேற அடிக்குது. ஒண்ணுந் தெரியலியே அம்மணி.

— சித்த பொறுங்க, உட்டுரும். காருக்குள்ள உக்காருங்க, நனையறீங்க.

— நனையட்டும். வந்தான்னா ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயரலாம். அவங்கம்மா ரூமு அப்பிடியே பூட்டிக் கெடக்குது. தொறந்து கூட்டிப்போட்டு நீங்க ரெண்டு பேரும் அதுல படுத்துக்குங்க.

— அத நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்.

— நானே சொல்றேன்.

— சாரல் உட்டுருச்சு. மாமா, அங்க பாருங்க. கவுத்திப் போட்டுட்டாரு. மேல ஒரு ஆளு படுத்திருக்கறது தெரியுதுங்களா?

— ஆரஞ்சு தெரியுது. தெரியுது கண்ணு. நுனியப் பிடிச்சுட்டு இருக்கறான்.

— நாஞ்சொன்னனல்லங்க? கீழ்க்கரையிலதான் ஒதுங்கும். ஏறுங்க, கரையோரமாவே போயரலாம்.

— நீயே ஓட்டு. அந்த ரேடியோவ அமத்து. கார்கில் நியூசு இப்ப எதுக்கு.

— அழுவாதீங்க மாமா.

— அழுகல. பசியோட வருவான். பள்ளிக்கூடம் போறப்ப, கெணத்துல குதிச்சுட்டு வந்தான்னா சட்டியோட தின்னுபோடுவான். புளியம்பட்டியில நிறுத்தி அவனச் சாப்புட வெச்சுப்போட்டுத்தான் போவோணும்.

— சரிங்க.

— அவன் பேரச் சொல்லியே எத்தன நாளாச்சு. வாயில வருமான்னு தெரியல. கோவர்த்தனா. கோவர்த்தனா. வருது அம்மணி.

— ஒதுங்கிருச்சுங்க. இங்கயே நிறுத்தறேன். சேறு, பாத்து எறங்குங்க.

— கோவர்த்தனா. அப்பன்டா. எந்திரிக்க முடியலியா? படுத்திரு, நான் வாரேன்.

— மாமா, நில்லுங்க.

— கைய உடு.

— மாமா, அது அவரில்லீங்க.

— அவன் சட்டை தெரியுதுல்ல?

— சட்டை அவருதுங்க. ஆளு பரிசல்காரரு.

— என்ன சொல்றே நீ?

— அண்ணா, கண்ணத் தொறங்க. எம்புருசன் எங்க?

— பரிசலு கவுந்துபோச்சுங்கம்மா. விளிம்பு அடிச்சு இந்தத் தோளு எறங்கிருச்சு. ஒத்தக் கையில நீந்த முடியல, உள்ள போயிட்டு இருந்தேன். அந்தத் தம்பி இதுமேல படுத்து நல்லாத்தான் வந்துட்டு இருந்தாரு. என்னையப் பாத்துட்டுக் குறுக்க வந்தாருங்க.

— ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கலாமே.

— முங்குச்சுங்க. சட்டையக் கழட்டி எனக்கு மாட்டிவுட்டு, என்னைய மேல தள்ளி, நுனிய இப்பிடிப் பிடிங்கண்ணான்னு கையில குடுத்தாரு. ஓரத்தப் பிடிச்சுட்டு அவரும் வந்தாருங்க. அவரு பிடிச்ச பக்கமெல்லாம் காத்து எறங்கி எறங்கிப் போச்சு. ஒரு அலை வந்துச்சு. திரும்பிப் பாத்தேன், ஆளு இல்லீங்க.

— எந்த எடத்துல? திட்டுக்கு அக்கட்டயா, இக்கட்டயா?

— அக்கட்ட, ஆழத்துல. கத்திக் கத்திப் பாத்தனுங்கம்மா. குரல் குடுக்கல.

— மாமா, உக்காராதீங்க. எந்திரிங்க. போயி ஆளுகளக் கூட்டிட்டு வரலாம். மாமா.

— எம்பையன் பேசுனானாய்யா உன்ற கூட?

— மொதல்ல வஞ்சாருங்க. இந்தக் காத்துல ஆரு உன்னைய அனுப்புனதுன்னு. ஒரே பையன்னு சொல்லி ஒரு பெரியவரு கும்பிட்டாருன்னு சொன்னேன். அப்பிடியே என்ற மூஞ்சியப் பாத்துட்டு இருந்தாரு. அப்பறம், “எங்கப்பா வந்திருக்காருங்களா, எங்கப்பாவுங்களா”ன்னு ரெண்டு வாட்டி கேட்டாருங்க.